நான்கரை அடித் தடுப்பும் எங்கள் வீட்டுக் குழாயும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒவ்வோர் இருக்கையையும் சுற்றி நிற்கும் பலகைத் தடுப்பின் உயரம் நான்கரை அடி. உட்கார்ந்துவிட்டால் பக்கத்து இருக்கைக்காரரின் முகம் தெரியாது. ஆனால் அவர் டிபன் டப்பாவைத் திறந்ததும் உள்ளே இருப்பது எலுமிச்சைச் சோறா புளிச்சோறா என்று தெரிந்துவிடும். போனில் அவர் மகனிடம் எந்தப் பாடத்து மதிப்பெண்ணுக்காகக் கோபித்துக்கொள்கிறார் என்பதும் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட தடுப்பறைகளுக்கு மூலமான வடிவமைப்பை 1968-ல் அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக உருவாக்கியவர் ராபர்ட் ப்ராப்ஸ்ட். வேலைக்கு ஏற்றபடி விரித்தும் திருப்பியும் வைத்துக்கொள்ளக்கூடிய பலகைகளாகவே அவர் அவற்றை எண்ணினார். பின்னால் வந்த நிறுவனங்கள் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக அவற்றைச் சதுரப் பெட்டிகளாக நெருக்கிவிட்டன. எங்களுடையவையும் அந்தச் சதுரப் பெட்டிகள்தான். ஆனாலும் மேற்புறம் திறந்திருக்கிறது. அதற்காக நான் உள்ளபடியே நன்றியுள்ளவளாக இருக்கிறேன். வீட்டுப் பழுதுகளைப் பற்றி இன்று எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்தத் திறப்பின் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

புதுப்பாளையத்தில் இருக்கும் எங்கள் வீடு அப்பா 1986-ல் கட்டியது. அவர் இருந்தவரை குழாய், மின்விசிறி, கதவு எதற்கும் வெளியாள் வந்ததில்லை. அவர் மறைந்த பிறகு வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அவருடைய மரப்பெட்டியில் ஸ்பேனர், பைப் ரிஞ்ச், திருப்புளி, டெஸ்டர், இழைப்புளி எல்லாம் எண்ணெய் தடவி வைத்தபடியே இருந்தன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், இந்த வீட்டை இனி நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்துகொண்டே இருந்தது. அந்த எண்ணத்தில் தவறில்லை. கருவிகள் கையில் இருந்தால் வேலையும் தெரிந்துவிடும் என்று நம்பியதுதான் தவறு.

முதல் தவறு குளியலறைக் குழாயில் நடந்தது. எவ்வளவு இறுக்கி மூடினாலும் அது சொட்டிக்கொண்டே இருந்தது. இரவு கீழே வைத்த வாளி விடிவதற்குள் நிறைந்து வழிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுக்குழாய் ஒன்று வாங்கி வந்தேன். மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டிக்குக் கீழே உள்ள கேட் வால்வைச் சுற்றி மூடினேன். சக்கரம் தடையில்லாமல் சுற்றியது. மூடிவிட்டது என்று எண்ணி இறங்கி வந்து, பைப் ரிஞ்சால் பழைய குழாயைக் கழற்றினேன். சுவரிலிருந்து அரை அங்குலத் தண்ணீர் எதிர்ச்சுவர் வரை பாய்ந்தது. பல வருடங்களாக யாரும் தொடாத வால்வின் உள்ளே தண்டு அரித்து முறிந்திருந்தது. மேலே சக்கரம் மட்டும் சுற்றியது, உள்ளே தகடு இறங்கவே இல்லை.

அம்மா பழைய புடவைத் துணியை மரக்கரண்டிக் காம்பில் சுற்றிக் குழாய்த் துளைக்குள் திணித்தார்கள். தண்ணீர் அதைத் தள்ளிவிட்டது. இருந்த அண்டா, குடம், வாளி, குக்கர் வரை நிரப்பி வைத்தோம். தொட்டி காலியாவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் நான் உள்ளங்கையைத் துளையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். விரல்களுக்கு இடையே பீறிட்ட தண்ணீர் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "என்னாக்கா, வீட்டுக்குள்ளயே மழை பேயுது?" என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு அவளே துடைப்பத்தோடு வந்து கூடத்துத் தண்ணீரையெல்லாம் வாசலுக்குத் தள்ளிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை குழாய் வேலை செய்பவரிடம் போனில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். முடித்ததும் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் மூத்த கணக்கரின் குரல் வந்தது. பண்ருட்டியிலிருந்து தினமும் பேருந்தில் வருகிறவர். அவருடைய தந்தை கொத்தனார். "சொட்டுனா வாஷர், கழுத்துல கசிஞ்சா பேக்கிங். முழுக் குழாயையும் எதுக்கும்மா கழட்டினீங்க?" என்று கேட்டார். அந்த ஒரு வாக்கியத்தில் இருந்ததை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு நாள் முழுவதும் தேவைப்பட்டது. மூடிய குழாயின் வாயில் தண்ணீர் சொட்டினால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கிறது. திறந்திருக்கும்போது கைப்பிடிக்குக் கீழே கழுத்தில் கசிந்தால், தண்டைச் சுற்றியிருக்கும் பேக்கிங் தளர்ந்திருக்கிறது. எங்கள் குழாய்க்குச் சில ரூபாய் வாஷர் ஒன்று போதுமானதாக இருந்தது.

அவர் சொன்ன மற்றவற்றையும் எழுதுகிறேன். இவை யாருக்கும் உதவும். வால்வை மூடியபின் வீட்டிலேயே தாழ்வான இடத்தில் உள்ள வேறொரு குழாயைத் திறந்து வைத்து, தண்ணீர் முழுவதும் நின்றுவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே எதையும் கழற்ற வேண்டும். கேட் வால்வை வருடத்துக்கு இரண்டு முறையாவது மூடித் திறக்க வேண்டும்; முழுக்கத் திறந்தபின் கால் சுற்றுத் திருப்பிவிட்டால் இறுகிப் பிடிக்காது. அரை அங்குல எண்டு பிளக் இரண்டு எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும்; அது மட்டும் இருந்திருந்தால் அன்று இரண்டே நிமிடத்தில் துளையை மூடியிருக்கலாம். மரையில் கசியாமல் இருக்கச் சுற்றும் வெள்ளை டேப்பை, மரையின் முனை நம்மைப் பார்க்கும்படி பிடித்துக் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் குழாயைத் திருகும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். நான் எதிர்த்திசையில்தான் சுற்றியிருந்தேன். முறிந்த கேட் வால்வை எடுத்துவிட்டுப் பால் (பந்து) வால்வு போட்டோம். அதன் கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. அம்மாவுக்கும் பார்த்தவுடன் தெரிகிறது.

இதன் பிறகு என் வீட்டுச் செய்தி பிரிவு முழுவதற்கும் பொதுச் செய்தி ஆகிவிட்டது. காலையில் பையை வைப்பதற்குள் "தண்ணி நின்னுதா மேடம்?" என்று மூன்று பேர் கேட்பார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு யாரும் கேட்காத நாளில் ஏதோ குறைவதுபோல இருந்தது.

கார்த்திகை மழையில் படுக்கையறைக் கதவு நிலையோடு இறுகிக்கொண்டது. அப்பாவின் இழைப்புளியை எடுத்துக் கதவின் ஓரத்தை இழைத்தேன். சுருள் சுருளாக விழுந்த தேக்குச் சீவல்களின் மணம் அப்பாவை நினைவூட்டியதால் தேவைக்கு மேலேயே இழைத்துவிட்டேன் என்று தோன்றுகிறது. கதவு அருமையாக மூடியது. சித்திரை வந்தபோது கதவுக்கும் நிலைக்கும் இடையில் பல்லி நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. தாழ்ப்பாளின் நாக்கு துளையை எட்டவில்லை. இதைக் கேட்ட எங்கள் தபால் பிரிவு அக்கா தடுப்புக்கு மேலாக எழுந்து நின்று, "மழைக்காலத்துல கதவுல கை வைக்கலாமா? அதுவா குடிச்ச தண்ணிய அதுவா விட்டுடும்," என்றார். அவருடைய கணவர் நெல்லிக்குப்பத்தில் ஆசாரி வேலை செய்கிறார்.

மரம் ஈரத்தைக் குடித்தால் அகலவாக்கில் உப்பும். நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. அதனால்தான் கதவு பக்கவாட்டில் பிடிக்கிறது. இழைத்த ஓரத்தில் வண்ணம் பூசாமல் விட்டால் அந்தப் பூச்சில்லாத மரம் இன்னும் அதிகமாக ஈரத்தை இழுக்கும். அக்கா சொன்ன முறை இது: முதலில் மேற்கீலின் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், பெரும்பாலும் கதவு உப்புவதில்லை, தொங்குகிறது. திருகாணித் துளை பெரிதாகிவிட்டிருந்தால் பசை தொட்ட மரச்சிம்பைத் துளையில் அடித்து, அதன்மேல் திருகினால் பிடித்துக்கொள்ளும். அடுத்து நிலையில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டுக் கதவை மூடித் திறந்தால், எங்கே உரசுகிறதோ அங்கே மட்டும் கதவில் வெள்ளை ஒட்டும். அந்த இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு மாசி வரை பொறுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் பிடித்தால் மட்டும் கொஞ்சம் இழைத்து, மேல் விளிம்பு, கீழ் விளிம்பு உட்பட எல்லா ஓரங்களிலும் வண்ணம் பூச வேண்டும். எங்கள் கதவுக்கு ஆசாரி ஓரத்தில் ஒரு சட்டம் வைத்து அடித்துக் கொடுத்தார். அது இன்றும் மற்ற மரத்தைவிட வெளிறித் தெரிகிறது.

அலுவலகத்தில் நான் செய்த தவறு இதைவிடப் பெரியது. மழை பெய்த ஒரு மாதக்கடைசி நாளில், எல்லோருக்கும் இஞ்சி டீ போடலாம் என்று வீட்டிலிருந்து மின்கெட்டில் ஒன்று கொண்டுபோனேன். என் மேசைக்குக் கீழே காலியாக இருந்த பிளக்கில் செருகினேன். ஸ்விட்சைப் போட்ட சில நொடிகளில் பிரிவில் இருந்த பன்னிரண்டு கணினிகளும் ஒரே சமயத்தில் அணைந்தன. அது மின்தடையின்போது கணினிகளைத் தாங்கும் யூபிஎஸ் இணைப்பு. எங்கள் யூபிஎஸ் மூன்று கேவிஏ. ஏறத்தாழ 2,400 வாட் வரைதான் தாங்கும். பன்னிரண்டு கணினிகள் ஏற்கெனவே 1,800 வாட் அளவுக்கு இழுத்துக்கொண்டிருந்தன. என் கெட்டில் 1,500 வாட். கூட்டல் கணக்கையே தொழிலாகச் செய்கிற நான் அந்த ஒரு கூட்டலைப் போட்டுப் பார்க்கவில்லை. சேமிக்காத பில்களை எல்லோரும் மறுபடி அடித்தார்கள். இரவு எட்டு மணி ஆயிற்று. நான்தான் காரணம் என்று எழுந்து சொன்னபோது யாரும் கடிந்து பேசவில்லை. ஐடிஐ-யில் எலக்ட்ரீஷியன் படித்த எங்கள் அலுவலக உதவியாளர் அண்ணன் மறுநாள் சிவப்புப் பெயிண்டும் தூரிகையும் கொண்டுவந்து, மேசை மேசையாகக் குனிந்து யூபிஎஸ் பிளக்குகளுக்கெல்லாம் பொட்டு வைத்தார். "சிவப்புல கம்ப்யூட்டர் மட்டும், சூடு பண்றது எதுவும் போடக்கூடாது" என்றார். வீட்டு இன்வெர்ட்டருக்கும் அதே கணக்குதான்: விசிறி, விளக்கு சரி, இஸ்திரிப் பெட்டி, கெட்டில், கீசர் கூடவே கூடாது.

அந்த அண்ணனிடம் நான் இன்னொரு முறை நன்றாகத் திட்டு வாங்கினேன். கூடத்து மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. கடையில் சொன்னதும் 2.5 எம்எஃப்டி கண்டென்சர் ஒன்றைக் கொடுத்தார்கள். விசிறி மெதுவாகச் சுற்றுவதற்குப் பெரும்பாலும் பழைய கண்டென்சர் வலுவிழப்பதுதான் காரணம். விசிறி ஸ்விட்சை அணைத்துவிட்டு முக்காலியில் ஏறிக் கம்பியைத் தொட்டேன். முழங்கை வரை ஒரு உதறல். திருப்புளி கையிலிருந்து தெறித்துத் தரையில் விழுந்தது. ஸ்விட்ச் அணைந்துதான் இருந்தது. ஆனால் அந்த பழைய வயரிங்கில் ஸ்விட்சை மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியில் வைக்காமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் வைத்திருந்தார்கள். அப்படி இருந்தால் ஸ்விட்சை அணைத்தாலும் விசிறிக்கு மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். திரும்பிப் போகும் வழி மட்டும்தான் அடைபடும். நம் உடம்பு அந்த வழியாகிவிடும்.

அண்ணன் இதைக் கேட்டதும் சிரிக்கவில்லை. "மேடம், ஸ்விட்ச நம்பக்கூடாது. மெயின் பெட்டியில கரண்டையே துண்டிக்கிற எம்சிபிய இறக்கணும். இறக்கிட்டு டெஸ்டர் வெச்சுப் பாக்கணும். அந்த டெஸ்டர் வேலை செய்யுதான்னு மொதல்ல மின்சாரம் இருக்குற பிளக்ல வெச்சுப் பாக்கணும்," என்று மூன்று முறை சொன்னார். அந்த வாரமே உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து ஸ்விட்ச் கம்பிகளைச் சரிசெய்தோம். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றையும் பொருத்தினோம். இந்த ஒரு செலவைத் தள்ளிப்போட வேண்டாம் என்று படிக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

துண்டு மாட்டும் கம்பிக்காகக் குளியலறைச் சுவரில் துளையிட்டு வெந்நீர்க் குழாயைத் துளைத்த கதையை நீட்ட வேண்டியதில்லை. குழாயும் வயரும் சுவருக்குள் பெரும்பாலும் நேர்க்கோட்டிலேயே ஓடும். ஆகவே எந்தக் குழாய்க்கும் ஸ்விட்ச் பெட்டிக்கும் நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் துளையிடக்கூடாது. துளைபட்ட பைப்பைச் சரிசெய்து ஒட்டியபின் உடனே தண்ணீர் விடாமல், பசை டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருக்க வேண்டும்.

கூரைதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கடலூரிலும் மழை விடாமல் அடித்தது. மறுநாள் கூடத்துக் கூரையில், சுவரை ஒட்டி ஒரு பெரிய ஈரத்திட்டு தெரிந்தது. தை மாதம் அது காய்ந்ததுபோல இருந்ததும் சுரண்டி, பட்டி பார்த்து, எமல்ஷன் பூசினேன். பங்குனிக்குள் வண்ணம் குமிழ் குமிழாக எழும்பியது. குமிழை உடைத்தால் உள்ளே வெள்ளை உப்பு பூத்திருந்தது. மறுபடி சுரண்டினேன், மறுபடி பூசினேன். ஆவணியில் ஒரு நாள் மதியம் தட்டு அளவுக்கு ஒரு சிமெண்ட் பத்தை அம்மாவின் தையல் மெஷின் மேல் விழுந்தது. அம்மா அப்போது சமையலறையில் இருந்தார்கள். விழுந்த இடத்தில் கம்பி தெரிந்தது, செதில் செதிலாகத் துருப்பிடித்து.

மூத்த கணக்கர் அன்று மாலை பண்ருட்டிப் பேருந்தை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு கழியால் கூரையை அங்கங்கே தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டங்' என்று கெட்டியாகக் கேட்டது. பத்தை விட்ட இடத்தில் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோலக் கேட்டது. சாக்பீஸால் அந்த எல்லையை வட்டமிட்டார். விழுந்த இடத்தைப்போல மூன்று மடங்கு இருந்தது. பிறகு மாடிக்குப் போனோம். மழைநீர் இறங்கும் வாயில் வேப்பிலையும் மண்ணும் அடைத்துக் கட்டிபோல ஆகியிருந்தது. அங்கே தேங்கிய தண்ணீர்தான் தளவரிசை ஓட்டின் இடுக்கு வழியாக இறங்கியிருந்தது. கீழே திட்டு தெரிந்த இடத்துக்கு நேர் மேலே ஒரு விரிசலும் இல்லை. தண்ணீர் நுழைந்த இடம் ஆறடி தள்ளி இருந்தது.

கடலோர ஊரில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. அந்த உப்பும் ஈரமும் கான்கிரீட்டுக்குள் கம்பியைத் தொட்டுவிட்டால் துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே வெடிக்கச் செய்யும். அதன்மேல் பட்டி பார்ப்பது புண்ணை மூடித் துணி கட்டுவதுதான். பத்தை விட்ட இடம் முழுவதையும் கொத்தி எடுத்து, கம்பியைப் பளிச்சென்று தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையால் கொத்தனார் அடைத்தார். அதற்கு முன்பே மாடியில் வாயைச் சுத்தம் செய்து, ஓட்டு இடுக்குகளை அடைத்தோம். சுவர் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அவர் ஒரு எளிய வழி சொன்னார்: ஓரடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். தாளுக்குப் பின்னால் நீர் முத்துகள் இருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, வண்ணம் பூசக்கூடாது. வெளிப்பக்கத்தில் இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம்.

2011-ல் தானே புயலுக்கு முந்தைய நாள், டிசம்பர் 29-ம் தேதி, அப்பா மாடியில் முழங்காலிட்டு அந்த வாயைக் கையாலேயே தோண்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஊரே மெழுகுவத்தியும் பாலும் வாங்க ஓடும்போது இவர் ஏன் குப்பை அள்ளுகிறார் என்று அன்று நினைத்தேன். இப்போது ஐப்பசி பிறப்பதற்கு முன் நான் மாடிக்குப் போகிறேன்.

சென்ற கோடையில் எங்கள் பிரிவில் ஏசி ஒழுகத் தொடங்கியது. அது தபால் பிரிவு அக்காவின் தலைக்கு மேல் இருக்கிறது. மூன்று வாரம் அவர் மேசையில் ஒரு நீல வாளி. பதிவேடுகள் பாலித்தீனுக்கு அடியில். அவர் நாற்காலியைத் தடுப்பின் மூலைக்கு நகர்த்திக் குறுகி உட்கார்ந்து தபால் பதிந்தார். பழுது பார்க்க வந்தவர் இரண்டு முறையும் கேஸ் குறைவு என்று சொல்லி நிரப்பிவிட்டுப் போனார். மூன்றாவது வாரம் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, தண்ணீர் எங்கே சொட்டுகிறது என்பதையே பார்க்கிறோம், எங்கே போக வேண்டியது போகவில்லை என்று யாரும் பார்க்கவில்லையே என்று தோன்றியது. உதவியாளர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கம் போனேன். ஏசியின் டிரெய்ன் பைப் சன்னல் கம்பியில் கட்டப்பட்டிருந்தது. இணையக் கேபிள் இழுத்தவர்கள் வழியில் தொங்கியதை எடுத்துக் கட்டியிருக்க வேண்டும். அதன் முனை ஏசியைவிட ஒரு சாண் உயரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணன் ஏணியில் ஏறிக் கயிற்றை அறுத்தார். பைப் கீழே சரிந்ததும், மூன்று வாரத்துக் கலங்கல் தண்ணீர் கீழே நின்ற இருசக்கர வண்டிகளின் மேல் கொட்டியது. சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா கைதட்டினார்.

நீல வாளி கழிவறைக்குத் திரும்பிவிட்டது. அது இருந்த இடத்தில் அக்கா தன் மணி பிளாண்ட் பாட்டிலை வைத்திருக்கிறார். போன வியாழக்கிழமை அம்மா போன் செய்து, சமையலறைக் குழாய் லேசாகக் கசிகிறது என்றார்கள். "சரிம்மா, சாயங்காலம் வந்து பாக்கறேன்" என்று வைத்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

"வாயிலயா, கழுத்துலயா?" என்று கேட்டார் மூத்த கணக்கர்.